நஞ்சம்மாள் தேடிய கொலைகாரன்

கடத்தூர் சந்தை வீதியில் மாவு மில் வைத்திருந்த மாதையனின் மனைவி நஞ்சம்மாள் எதையும் சட்டென்று நம்பிவிடுகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்கமாட்டாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால், மாப்பிள்ளை வீட்டார் ஏன் இத்தனை அவசரப்படுகிறார்கள் என்று கேட்பாள். தேதியைத் தள்ளி வைத்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள். நான் அப்போது புதிதாகக் கல்யாணமாகி அந்த வீதிக்கு வந்தவள். எனக்குக் கொஞ்சம் சிரித்த முகம். "சும்மா யாரும் சிரிக்க மாட்டாங்க புள்ள" என்று என்னிடமே சொல்லிவிட்டு, ரொம்ப நாள் என் மேலும் ஒரு கண் வைத்திருந்தாள்.

அந்த மில்லை நாங்கள் மிஷின் என்போம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ராகி டின்னை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் மிஷினுக்கு உள்ளேயே உட்கார்ந்து காத்திருப்போம். அந்த நேரத்தில் நஞ்சம்மாள் வாரப் பத்திரிகையை எடுத்துச் சத்தமாகப் படிப்பாள். பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலில் வந்திறங்கும் பத்திரிகைக் கட்டிலிருந்து பஸ்காரர் ஒன்றை அவளுக்கென்று கொண்டுவந்து கொடுப்பார். ஐந்தாவது வரை படித்தவள்தான், ஆனால் படிக்கிற தினுசில் நமக்கு முதுகு சில்லிட்டுவிடும். அவள் தொண்டை கட்டிக்கொண்டால் என்னைப் படிக்கச் சொல்வாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் அந்தப் பத்திரிகையில் ஒரு கொலைத் தொடர்கதை ஆரம்பித்தது. சென்னையில் ஒருவன் வரிசையாகப் பெண்களைக் கொல்கிறான். யார் என்று தெரியாது. கொன்ற ஒவ்வொருத்தியிடமிருந்தும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வான். ஒருத்தியின் கைக்குட்டை, இன்னொருத்தியின் ஒற்றைத் தோடு. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவைத்து அவ்வப்போது எடுத்துப் பரப்பிப் பார்ப்பான். வெளியே பார்த்தால் சாது, அதிர்ந்து பேசமாட்டான். எல்லா வீட்டோடும் பழக்கம் வைத்துக்கொள்ளத் தோதான ஒரு தொழில் செய்கிறவன் என்று மட்டும் எழுத்தாளர் கோடி காட்டியிருந்தார்.

எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு டி.வி.யில் வருகிற கொலைத் தொடர்களையும் ஒன்று விடாமல் பார்க்கிறவள்தான் நான். அதே சாது, அதே பெட்டி, ஊர் பேரும் உடுப்பும்தான் வேறே. ராகி அரைத்து, களி கிண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி என்று ஒரே மாதிரி போகிற நாளில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொலைகாரராக இருக்கலாம் என்று நினைப்பதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த எழுத்தாளர் செய்த அநியாயமும் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் கதவு மெல்லத் திறக்கும், இருட்டிலிருந்து ஒரு கை நீளும். ஒரு வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரம் பார்த்தால் அது தபால்காரர் கையாக இருக்கும்.

"ஏமாத்தறான்க்கா" என்றேன் ஒருநாள், எரிச்சலில்.

"ஏமாத்தல. தபால்காரனையும் நம்பாதன்னு சொல்றான்" என்றாள் நஞ்சம்மாள்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. கொலைகாரனின் கண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார். செத்த பெண்ணைப் பற்றி இரண்டு வரி. அவள் விழுவாள், அதோடு அவள் கதை முடிந்தது. நான் இதைச் சொன்னபோது நஞ்சம்மாள் காதில் வாங்கவே இல்லை.

அவளுக்கு ஏன் அந்தக் கதை அப்படிப் பிடித்துப்போனது என்பதற்குக் காவேரியைப் பற்றிச் சொல்லவேண்டும். காவேரி அவளுடைய ஒரே தங்கை. அரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் அந்த வீதிக்கு வருவதற்கு முன்னால் நடந்ததை வீதியே எனக்குச் சொல்லியிருக்கிறது. காவேரி அக்கா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது, நஞ்சம்மாளின் சிவப்பு ரவிக்கை கொடியிலிருந்து காணாமல் போனது. அளவு கச்சிதமாக அமைந்த ரவிக்கை, அவளுக்கு அது உயிர். முதலில் துணி வெளுப்பவர்களைக் கேட்டாள், பிறகு பக்கத்து வீட்டைக் கேட்டாள். கடைசியில் காவேரி ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் வாசலிலேயே அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ரவிக்கை இல்லை. அப்படியும் விடாமல், "உன் கை பட்டாதான் இந்த வூட்ல பொருள் காணாமப் போவுது" என்று சொல்லிவிட்டாள்.

காவேரி அழவில்லையாம். கொட்டிய துணியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, "மாசிக்குத் தீர்த்தமலைக்கு வருவ இல்ல? அப்பத் தெரியும் போக்கா" என்றாளாம். அக்காவும் தங்கையும் ஒவ்வொரு மாசியிலும் தீர்த்தமலையில் ஒன்றாகத் தீர்த்தம் ஆடுவது வழக்கம். அந்த மாசி வருவதற்குள் காவேரி காய்ச்சலில் போய்விட்டாள் என்று செய்தி வந்தது.

நஞ்சம்மாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காய்ச்சலை யார் பார்த்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், ஏன் முன்னாலேயே ஆள் அனுப்பவில்லை என்று தங்கை புருஷன் வீட்டாரைக் கேட்டாள். போலீஸ் வரைக்கும் போனாள். காய்ச்சலுக்கு யார் மேல் கேஸ் எழுதுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொடர்கதையில் அப்படி யாரும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அங்கே ஒருத்தி செத்தால் அவளைக் கொன்றவன் ஒருவன் நிச்சயமாக இருக்கிறான், ஒரு இன்ஸ்பெக்டர் தூக்கமில்லாமல் அவனைத் தேடுகிறார். அந்த ஆறுதலுக்காகத்தான் நஞ்சம்மாள் வாரா வாரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மிஷினுக்கு அடுத்த கடை, தையல்காரர் முனாப் பாயுடையது. முன்னால் ஒரு தையல் மிஷின், பின்னால் ஒரு அறையில் அவரும் அவர் மனைவி ரோஷன் பீயும். ரோஷன் பீக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் தையல்காரர் முன்னால் நின்று அளவு கொடுக்கமாட்டார்கள். நன்றாக அமைந்த பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத்துணியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவோம், அதைப் பார்த்துத் தைப்பார். அளவு ரவிக்கை என்று அதற்குப் பெயர். ஆகவே ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவர் கைக்குத் தெரியும். முகம் நிமிர்ந்து பார்க்கமாட்டார். அதிர்ந்து பேசமாட்டார். இந்த இரண்டு நல்ல குணமும் அவருக்கு எதிராகத் திரும்பும் என்று யார் கண்டது?

ஐப்பசி மழையில் அவர் கூரை ஒழுகிவிட்டது. வெயில் வந்த முதல் காலையில் ஒரு தகரப் பெட்டியை வெளியே இழுத்து வைத்து, அதில் மேலாக நனைந்திருந்த துணிகளை எடுத்துப் பின்பக்கம் கயிறு கட்டிக் காயப்போட்டார். மிஷினின் பின்வாசலில் மாவுச் சாக்கை உதறிக்கொண்டிருந்த நஞ்சம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைப் பிடுங்கி மூடினாள்.

"கோவிந்தம்மா ரவிக்க அங்க தொங்குது" என்றாள். "மஞ்சத் துணி, பச்சக் கரை. தர்மபுரியில நானும் கூட இருந்துதான் எடுத்தோம். அவ செத்து வருஷமாவுது."

"தைக்கக் குடுத்திருப்பாங்க" என்றேன்.

"தங்கம்மாளுது தொங்குது. ராமக்காளுது தொங்குது. உசுரோட இருக்கறவ ஒருத்தியோடதும் அங்க இல்ல புள்ள. செத்தவளுங்களுது மட்டும் எதுக்கு ஒருத்தன் சேத்து வெச்சிருக்கான்?"

டின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதையில் வந்த தகரப் பெட்டி எல்லோர் கண்ணிலும் வந்து நின்றது.

"கோவிந்தம்மாளுக்கு மஞ்சக் காமாலன்னாங்க. யாரு கண்டா? தங்கம்மா கெணத்துல தவறி விழுந்தாளாம். கூட யாராச்சும் இருந்தாங்களா? ராமக்காளப் பாம்பு கடிச்சுதாம். பாம்ப யாரு பாத்தா?"

பாம்பை ராமக்காளின் கொழுந்தனார் அடித்து வீதியில் போட்டு, ஊரே வந்து பார்த்தது. அந்த நேரத்தில் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கதை அப்படி எங்களைப் பிடித்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. பாதி தைத்த ரவிக்கைகளை வாங்கி வரச்சொல்லிப் பெண்கள் புருஷன்மாரை அனுப்பினார்கள். ஆண்கள் சிரித்துக்கொண்டே போய், சிரிக்காமல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். முனாப் பாய்க்குக் காரணம் புரியவில்லை. தையலில் ஏதாவது குறையா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கேட்ட விதமே சரியில்லை என்றாள் நஞ்சம்மாள். குற்றமில்லாதவன் எதற்கு இவ்வளவு பணிவாகக் கேட்கவேண்டும் என்பது அவள் கட்சி.

ரோஷன் பீயும் எங்களோடு உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டு வந்தவள்தான். ஒருநாள் கோதுமை டின்னோடு வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

"போன வாரம் கதவு தொறந்துச்சே, வந்தது யாருக்கா?" என்று நஞ்சம்மாளைக் கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் நஞ்சம்மாள்.

ரோஷன் பீ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடைகளுக்குச் சொந்தக்காரர் சவுரியப்பன். அவர் இதை நம்பினார் என்று சொல்லமுடியாது, ஆனால் வீதி பேசுகிற கடை தனக்கு வேண்டாம் என்று நினைத்தார். அடுத்த சந்தைக்கு முன்னால் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துக்கொண்டு எங்கே போவேன், பிரசவம் ஆகட்டும் என்று முனாப் பாய் கெஞ்சினார். சவுரியப்பன் மசியவில்லை. நஞ்சம்மாளுக்கு அதுவும் போதவில்லை. கொலைகாரன் தப்பித்து வேறு ஊருக்குப் போவதற்கு நாமே வழி செய்து கொடுப்பதா என்று கேட்டாள். பெட்டியை எல்லோர் முன்னாலும் திறக்கவேண்டும் என்று சவுரியப்பனை இழுத்துக்கொண்டு வந்தாள். கதையில் இன்ஸ்பெக்டர் அப்படித்தான் செய்வதாக இருந்தது.

பட்டப்பகலில் தையல் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மாதையனும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். முனாப் பாய் தையல் மிஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். ரோஷன் பீதான் உள்ளே போய், வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்தத் தகரப் பெட்டியைத் தானே இழுத்து வந்து வீதியில் போட்டாள்.

"பாத்துக்குங்க! நல்லாப் பாத்துக்குங்க!" என்று மூடியைத் திறந்தாள்.

உள்ளே ரவிக்கைகள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒரு புது ரவிக்கை, அதன் மேல் ஒரு பழைய அளவு ரவிக்கை, இரண்டையும் சேர்த்து ஒரு நூல் கட்டு. சவுரியப்பன் மஞ்சள் ரவிக்கையை எடுத்து, இது எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டார்.

முனாப் பாய் கூட்டத்தில் நின்ற கோவிந்தம்மாளின் மகன் ஆண்டியைப் பார்த்தார். "உங்கம்மாவுதுங்க. அவங்க தவறின பொறவு உங்க வூட்டுக்கு ஆள் அனுப்புனன். செத்தவங்க துணி வூட்டுக்குள்ள ஆவாது, நீங்களே வெச்சுக்குங்கன்னு சொன்னீங்க. இல்லீங்களா?"

ஆண்டி தலையை ஆட்டினான். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். செத்தவள் உடுத்தியிருந்த துணிக்கு ஒரு வழி உண்டு, வெளுப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அவள் ஆசைப்பட்டுத் தைக்கக் கொடுத்து, உடுத்தாமல் விட்டுப்போன துணி வீட்டுக்குள் வந்தால் அவளும் அதைத் தேடி வருவாள் என்று ஒரு பயம். அதனால் யாரும் போய் வாங்கமாட்டார்கள். இதை எல்லா வீட்டிலும் செய்திருக்கிறோம். அதெல்லாம் போய் எங்கே சேருகிறது என்று மட்டும் ஒரு வீட்டிலும் யோசித்ததில்லை.

"நீதான் என்னா பண்ணியிருக்கணும்? எரிச்சிருக்கலாம். வேற யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்" என்றார் சவுரியப்பன்.

"அடுத்தவங்க அளவுக்குத் தெச்சத யாருக்குங்க குடுக்கறது? எரிக்கவும் மனசு வரல. நம்பிக் குடுத்த பொருளு, அமானத்துங்க. யாராச்சும் கேட்டு வந்தா இருக்கணுமில்ல."

தங்கம்மாளின் வீட்டார் கீழே பார்த்தார்கள். ராமக்காளின் கொழுந்தனார், தான்தான் வேண்டாம் என்று சொன்னதாக முணுமுணுத்தார். கூட்டம் மெதுவாகக் கலையப் பார்த்தது. ஆனால் நஞ்சம்மாள் பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு ஜோடியை உருவினாள். ஒரு சிவப்பு ரவிக்கை. உள்பக்கத்தைத் திருப்பினாள். சேராங்கொட்டை மையில் போட்ட சலவைக் குறி தெரிந்தது. மாதையன் வீட்டுக் குறி.

"இது என்னுது!" என்று அலறினாள். "நான் உசுரோட நிக்கறன்! என் ரவிக்க எப்பிடிடா இந்தப் பெட்டிக்குள்ள வந்துச்சு? அடுத்தது நானா?"

கலைய இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவர் முனாப் பாயின் தோளைப் பிடித்துவிட்டார். ரோஷன் பீ இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

முனாப் பாய் அந்த ரவிக்கையைப் பார்த்தார். "உங்களுதுன்னு எனக்குத் தெரியாதுங்க, இது நான் தெச்சதில்ல. உங்க தங்கச்சி காவேரியம்மா குடுத்தது. ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளு வந்து குடுத்துட்டு, மாசித் தீர்த்தத்துக்கு முந்தி வேணும்னாங்க. அப்பறம் அந்தச் சேதி வந்துச்சு. உங்க வூட்டுக்காரருகிட்டச் சொன்னன். வேணாம்னாரு."

நஞ்சம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மாதையன், காவேரியின் துணி ஏதோ இருக்கிறது என்று பாய் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், என்ன துணி என்று பார்க்கவில்லை என்றார்.

"அளவு அவங்களுக்குப் பெருசா இருக்குதேன்னு நான் கேட்டங்க" என்றார் முனாப் பாய். "இதே அளவுக்குத் தெச்சுக் குடுங்க, போடறவங்களுக்குச் சரியா இருக்கும்னு சொல்லிச் சிரிச்சாங்க."

நஞ்சம்மாள் நூலை அறுத்தாள். சிவப்பு ரவிக்கையோடு கட்டியிருந்த புது ரவிக்கையை விரித்தாள். கத்திரிப்பூ நிறம். அந்த நிறத்தில் ஒரு ரவிக்கை வேண்டும் என்று அவள் அந்த நாளில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது வீதியில் பழைய ஆட்களுக்குத் தெரியும். கழுத்தோரம் ரொம்ப நுணுக்கமாகப் பட்டி வைத்துத் தைத்திருந்தது. பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது காவேரி ஏன் அழவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. நஞ்சம்மாள் அப்படியே வீதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். இத்தனை வருஷமாகத் தங்கையைக் கொன்றவர்களைத் தேடிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் தங்கைக்காக அழுதாள்.

சவுரியப்பன் நகர்ந்து போகப் பார்த்தார். அவள் உட்கார்ந்தபடியே, "அவங்க எங்கயும் போவ வேணாம்ங்க. போவச் சொன்னீங்கன்னா நான் மிஷினை மூடிட்டு உங்க வாசல்ல வந்து உக்காந்துக்குவன்" என்றாள். பிறகு எழுந்து இரண்டு ரவிக்கையையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். மாதையன் பின்னாலேயே போய், செத்தவள் துணியை வீட்டுக்குள் கொண்டு போகாதே என்று தடுத்தார்.

"இது செத்தவ துணி இல்ல. எனக்குத் தெச்சது" என்றாள்.

சந்தையன்று ஊர் முழுக்கப் பார்க்க, அந்த ரவிக்கையை எடுத்துக்கொண்டு முனாப் பாயிடம் போனாள். வருஷங்கள் ஓடியதில் அவளுக்கு உடம்பு போட்டிருந்தது, கை நுழையவில்லை. தையலைப் பிரித்து விடச் சொன்னாள். அவர் உள்பக்கம் துணி விட்டுத் தைக்கிறவர், பிரித்துக் கொடுத்துவிட்டார். நஞ்சம்மாள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தெரியாது அவளுக்கு. பெண்கள் ஒவ்வொருவராகத் துணி கொடுக்க ஆரம்பித்தார்கள். சிலர் கடைசிவரை கொடுக்கவில்லை. ரோஷன் பீ பெண் குழந்தை பிறந்து பல மாதம் கழித்துத்தான் மிஷினுக்குள் வந்து உட்கார்ந்தாள். அதுவரை டின்னை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், அரைத்து முடித்ததும் நஞ்சம்மாளே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

தொடர்கதையும் ஒருவழியாக முடிந்தது. கொலைகாரன், அதுவரை கதையில் தலையே காட்டாத ஒருவனின் இரட்டைப் பிறவியாம். மிஷினுக்குள் எல்லோரும் எழுத்தாளரைத் திட்டித் தீர்த்தோம். நஞ்சம்மாள் மட்டும் திட்டவில்லை. "மொதல்ல செத்தாளே, அவ பேரு என்னான்னு போட்டிருக்கானா பாரு புள்ள" என்றாள். பழைய இதழ்களைப் புரட்டினேன். கைக்குட்டையின் நிறம் இருந்தது, பேர் இல்லை. "கூடப் பொறந்தவங்க யாராச்சும்?" என்றாள். அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பால்காரர் முகத்தை அப்புறமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண்டக்டர் டிக்கெட்டும் தப்பவில்லை. கொடியில் காயப்போட்ட துணி ஏதாவது காணாமல் போனால் மட்டும் அவள் யாரையும் கேட்கமாட்டாள். காலியான அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள். அளவுக்கு எடுத்துப்போனவர் தைத்துக் கொண்டு வந்து தரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும்.